அண்டாவில் இருந்த பெயர்

தம்பி,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. இங்கே ரோலா கடைத்தெருவில் டெலிபோன் பூத்தில் நின்றிருந்தேன். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். கார்டு தீர்வதற்குள் கல்யாண விஷயம் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நீ மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், கடைசியில் குரலைத் தாழ்த்தி, “கவிதா வீட்ல போடுற நகையில பாதிய அடகு வச்சா தம்மாம் விசாவுக்கு ஆயிரும்ப்பா. எப்படியும் அது நம்ம வீட்டுக்கு வர்ற பொருள்தானே. அவகிட்ட அப்பறமா சொல்லிக்கலாம்” என்றாய். நான் “சரி, பாப்போம்” என்றேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. கார்டு தீர்ந்ததா, நீயே வைத்துவிட்டாயா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். நீ ஏன் குரலைத் தாழ்த்தினாய்? பக்கத்தில் உன் அம்மா இருந்தாளா? நல்ல காரியத்துக்கு யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. ‘அப்பறமா’ என்றால் எப்போது? நகை அடகுக் கடைக்குப் போன பிறகா, நீ விமானம் ஏறிய பிறகா? நினைக்க நினைக்க அந்தக் குரல் எனக்குப் பழக்கப்பட்ட குரலாகத் தெரிந்தது. போனில் பதில் சொல்லியிருந்தால் நீ குறுக்கே பேசி என்னை மடக்கியிருப்பாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படி. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும்.

நான் சந்தேகப் பேர்வழி என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இங்கே அறையில் இருக்கிற பயல்கள் என்னை ‘சிஐடி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன், பார்த்த பிறகும் முகர்ந்து பார்ப்பேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தடவை பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்ததும் உண்டு. உன் அம்மாவையே சந்தேகப்பட்டிருக்கிறேன். நான் அனுப்பியதில் எதையோ அவள் தன் தம்பிக்குக் கொடுக்கிறாள் என்று வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இதை ஒரு புத்திசாலித்தனம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? அந்த நினைப்பை உடைத்தது ஒரு ஈரானியக் குடும்பம்.

பர் துபாயில் ஒரு ஹாஜி வீட்டில் நான் டிரைவராகவும் காவலாளாகவும் இருந்ததை நீ அறிவாய். அந்த வீட்டில் நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஹாஜியின் முன்னோர் இரண்டு தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டி வந்து துணி வியாபாரம் தொடங்கியவர்கள். வெளியே அரபி பேசுவார்கள், வீட்டுக்குள் பார்ஸி, கேட்டுக் கேட்டு எனக்கும் அது புரியும், எங்களிடம் உருது. ஹாஜியின் முதல் மனைவி சின்ன வயதிலேயே இறந்துபோக, ஷீராஸிலிருந்து இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவரை எல்லோரும் பீபி என்போம். அவருக்குப் பிள்ளை இல்லை. முதல் தாரத்துப் பையன்கள் இரண்டு பேரையும் அவர்தான் வளர்த்தார். மூத்தவரைத்தான் நாங்கள் அர்பாப் என்று கூப்பிடுவோம், அதாவது முதலாளி. பீபிக்குத் துணையாக யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் பரமேஸ்வரி. அந்த வீட்டில் தமிழ் பேசுகிற ஆட்கள் நானும் அவளும்தான். இருந்தும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் பேசுகிற தமிழ் எனக்குப் பாதி புரியாது. புரியாத பேச்சில் ஏதோ மறைவிருக்கிறது என்று எண்ணுகிற புத்தி எனக்கு.

ஹாஜி ஒரு ரமலான் முடிந்த வாரத்தில் இறந்தார். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் முறை. அந்தக் காலம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்து சாமான்களைப் பங்கு போடுவதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் காரில் போகும்போது அர்பாப் என்னிடம் சொன்னார்: “பாய், இந்த நாலு மாதம் உன் கண் வீட்டின் மேல் இருக்கட்டும். ஒரு ஸ்பூன் வெளியே போனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.” யார் எடுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வீட்டுக்குள் இருந்தது பீபியும் பரமேஸ்வரியும்தான். தம்பி, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லோரும் கேலி செய்த என் குணத்துக்கு ஒரு முதலாளி வேலை கொடுத்துவிட்டார்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் கடைகள் அடைத்திருக்கும். அர்பாப் தன் வீட்டில் தூங்குவார். சரியாக அந்த நேரத்தில்தான் பீபியின் அறையில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்கும். கனமான பெட்டி தரையில் நகர்கிற சத்தம். பிறகு மூடி திறக்கும், பிறகு பரமேஸ்வரியின் குரல், “இது இருக்குது பீபி, இது இருக்குது” என்று உருதுவில். முற்றத்துப் பாதாம் மரத்தடியில் காரைத் துடைப்பதுபோல நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். துடைத்துத் துடைத்து அந்தக் காரின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. வரவேற்பறையில் இருந்த சமோவார், அதுதான் அவர்கள் டீ போடுகிற பெரிய பித்தளைக் கொதிகலம், ஒரு நாள் இடத்தில் இல்லை. இன்னொரு நாள் சுவரில் தொங்கிய ஜரிகைத் துணி இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று பேசாமல் மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரி பின்வாசல் வழியாகப் போனாள். கையில் கட்டம் போட்ட படுக்கைத் துணியில் கட்டிய ஒரு பெரிய மூட்டை. அது உலோகச் சத்தம் போட்டது. டாக்ஸி பிடித்தாள், ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். வியாழக்கிழமை இன்னொரு மூட்டை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்த மூட்டைக்குள் ஹாஜியின் வெள்ளித் தட்டு, பிள்ளைகளின் பங்கு, என் உத்தியோகம் எல்லாம் தெரிந்தது. அன்று சாயந்திரமே அர்பாபிடம் சொன்னேன். நாள், நேரம், மூட்டையின் அளவு, டாக்ஸி நின்ற இடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அப்போதே வந்தார். பீபியின் அறைக்குப் போகவில்லை. பரமேஸ்வரியை முற்றத்துக்குக் கூப்பிட்டு, அவள் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, என்னையே அதைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். இரண்டு மூன்று சேலை, மகளின் பள்ளிக்கூடப் படம் ஒன்று, பிள்ளையார் படம், தலைவலித் தைலம், கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு. பழைய கடைத்தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒருவன் கொடுத்த சீட்டு அது. ஏழு செம்புப் பானை, மூடியோடு ஏழு. பீபி தன் பானைகளை ஈயம் பூசக் கொடுத்திருந்தார். வெளியே போகக்கூடாத காலமாகையால் பரமேஸ்வரியை அனுப்பியிருந்தார், அவ்வளவுதான் விஷயம். அர்பாப் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு தன் மேல் என்று தெரிந்தபின் அவளை முகத்துக்கு முகம் பார்க்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது. முதலாளிகளுக்கு அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. “கலாஸ், முடிந்தது,” என்றார். “விசா கேன்சல். அவளை ஊருக்கு அனுப்பு.” பீபி உள்ளேயிருந்து சத்தம் போட்டார், கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வாரத்தில் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். பெட்டியை இறக்கி வைத்தபோது என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே அண்ணை,” என்றாள். “தமிழிலதானே கேக்கப் போறியள்.” அவ்வளவுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்போது அவள் ஊரில் மறுபடியும் சண்டை வரும்போலப் பேசிக்கொண்டார்கள். அவள் எப்படி இருக்கிறாள், அந்த மகள் படித்தாளா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரிடமாவது விசாரிக்கலாம் என்றால், என்ன சொல்லி விசாரிப்பது? அந்தப் பெண்ணின் சோற்றில் மண்ணைப் போட்டவன் நான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நாலு மாதம் பத்து நாள் முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் பங்கு பிரிக்க வந்தார்கள். கூடவே அவர்கள் ஆட்களில் பெரியவர் ஒருவர். பாரம் தூக்க நான். பீபி கறுப்பு உடுத்தித் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பெரிய பெட்டி. பக்கத்தில் சமோவார், புது ஈயத்தில் மின்னுகிற ஏழு பானை, ஜரிகைத் துணி, சுருட்டிய சின்னக் கம்பளங்கள், மெத்தை மூட்டை. எதுவும் எங்கும் போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த வெல்வெட்டைக் கத்தரிக்கோலால் பிரித்து, நாலாய் மடித்த ஒரு நீளத் தாளை எடுத்தார். மூத்தவரிடம் நீட்டி, “நீயே படி” என்றார்.

அது என்ன என்று கூட வந்த பெரியவர் பிறகு எனக்கு விளக்கினார். அவர்கள் பக்கம் அந்தக் காலத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது தாய்வீட்டில் கொடுத்தனுப்புகிற சாமான் முழுவதையும் ஒரு தாளில் எழுதுவார்கள். சியாஹே என்று அதற்குப் பெயர். கம்பளம் முதல் குளிக்கிற செம்பு வரைக்கும் ஒன்று விடாமல் எழுதி, கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும்: இதெல்லாம் இன்னாருடைய பொருள், என் வீட்டில் இருக்கிறது, என்னுடையது இல்லை என்று. இரண்டு சாட்சிகளும் போட வேண்டும். கணவன் நாளைக்கு இறந்தாலும், கடனாளியானாலும், அவளைத் தள்ளி வைத்தாலும், முதலில் அவள் பொருளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பங்கு போட வேண்டும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்தன்றே மாப்பிள்ளையைத் திருடன் என்று நினைத்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, இவர்கள் என்னைவிடப் பெரிய சிஐடியாக இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

அர்பாப் படிக்கப் படிக்க, பீபி விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். சமோவார், தட்டோடு. இருக்கிறது. பானை ஏழு, மூடி ஏழு. இருக்கிறது. மதிய நேரத்தில் பரமேஸ்வரி “இது இருக்குது பீபி” என்று சொன்னது இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. பிள்ளைகளின் பங்கிலிருந்து தன்னுடையது எது என்று பிரித்துவைத்துவிட்டால், பிரிவினை நாளில் யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை என்று அந்த அம்மாள் யாருக்கும் தெரியாமல் செய்து வைத்திருக்கிறார். பட்டியலின் நடுவில் ஒரு வரிக்கு வந்ததும் அர்பாப் நின்றுவிட்டார். அவர் தம்பி எட்டிப் பார்த்தார்.

“படி மகனே, ஏன் நிறுத்திட்ட?” என்றார் பீபி.

அர்பாப் தாழ்ந்த குரலில் படித்தார். ஷீராஸ் கம்பளம், சிவப்பு, பெரியது, ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தம்பி. நானே மாதம் ஒரு தடவை வெயிலில் போட்டு அடித்துத் தூசி எடுத்திருக்கிறேன். அது அர்பாபின் வீட்டு ஹாலில் கிடந்தது. அவர் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பரிசு என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார். ஹாஜி தன் மனைவியைக் கேட்காமல் அவள் கம்பளத்தை எடுத்து மகனுக்குக் கொடுத்திருக்கிறார். இருபது வருஷமாக அந்த வீட்டில் களவுபோன ஒரே பொருள் அதுதான். அதைத் தன் வீட்டில் விரித்து வைத்துக்கொண்டுதான் அர்பாப் என்னைக் காவலுக்கு வைத்தார். அர்பாபுக்கு முகம் வெளுத்துப்போனது. “நான் இப்பவே கொண்டு வரச் சொல்றேன்,” என்று என்னைப் பார்த்தார்.

“வேண்டாம்,” என்றார் பீபி. பேனாவை வாங்கி அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதினார். “இது என் மகனுக்கு நான் கொடுத்தது என்று எழுதியிருக்கிறேன். இத்தனை நாள் உன் அப்பா கொடுத்ததாக இருந்தது. இன்றைக்கு நான் கொடுத்தேன். இனிமேல் அது உன்னுடையது.” அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவர் அவ்வளவு வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அர்பாப் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

பிறகு, பீபி எடுத்துப் போகிற சாமானுக்குப் புதிதாக ஒரு தாள் எழுதினார்கள். பழைய சாட்சிகள் இரண்டு பேரும் எப்போதோ இறந்துவிட்டார்கள். கூட வந்த பெரியவர் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றுக்கு யார் என்று பார்த்தபோது பீபி என் பக்கம் திரும்பினார். உருதுவில்தான் சொன்னார். “நீ போடு. நாலு மாதமாக என் அறையையே பார்த்துக்கொண்டிருந்தாயே. உன்னைவிட நல்ல சாட்சி எனக்கு யார் கிடைப்பார்கள்?” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தமிழில் என் பெயரை எழுதினேன். எழுதும்போது என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கம்பளம் இல்லை, ஒரு பித்தளை அண்டா. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அப்படி. கொட்டியது, ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை.

அந்த அண்டாவைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து உன் வசந்தா அத்தைக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையில் பித்தளை அண்டா வேண்டும், அதுவும் பெரிசாக, என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நம் வீட்டில் அப்படி ஒரு அண்டா இருந்தது. உன் அம்மா கொண்டு வந்தது. கழுத்துக்குக் கீழே ‘மு. சரோஜா’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். உன் தாத்தா, அவள் அப்பா, கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாத்திரக் கடையில் பக்கத்திலேயே நின்று வெட்டச் சொன்ன பெயர். நான் யாரையும் கேட்கவில்லை. அதை வண்டியில் ஏற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், பட்டறையில் அரம் போட்டு அந்தப் பெயரை ராவச் சொன்னேன். ராவிய இடத்தில் ‘வசந்தா’ என்று வெட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “யாருதுப்பா இது?” என்றார். “நம்ம வீட்டுதுதான்” என்றேன். இப்போது தெரிகிறதா, போன வெள்ளிக்கிழமை உன் குரல் எனக்கு ஏன் பழக்கப்பட்ட குரலாகக் கேட்டது என்று?

உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததும், அண்டா இருந்த மூலையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, அண்டா எங்க?” என்றாள். “ஓட்டை விழுந்திருந்துச்சு, அடைக்கக் குடுத்திருக்கேன்” என்றேன். அவளும் நம்பினாள். கல்யாணத்தன்று மண்டபத்தில் சீர்ப் பாத்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். உன் ஆத்தா, என் அம்மா, அவளைக் கூப்பிட்டு, “மூத்த மருமக, நீ எல்லாத்துக்கும் பொட்டு வையி” என்றாள். ஒரு கையில் உன்னைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். அண்டாவிடம் வந்ததும் நின்றாள். பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினாள். ராவிய இடம் மெலிந்துபோய்ப் பள்ளமாக இருக்கும், தடவினால் தெரியும். பிறகு அதற்கும் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருப்பதில் ஏதோ திட்டம் இருக்கிறது, என்றைக்கோ பதிலுக்கு எதையோ எடுத்துத் தன் தம்பிக்குக் கொடுக்கப் போகிறாள் என்று நான் சந்தேகப்பட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். எடுத்தவனுக்குத்தான் எல்லோரும் எடுப்பார்கள் என்று தோன்றும். என் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தப் பட்டறையிலிருந்து வந்தது.

பீபிக்குச் சாட்சி போட்ட அந்த வாரம் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். சும்மா கேட்பதுபோல, “நீ கல்யாணத்துக்கு என்னென்ன சாமான் கொண்டு வந்த, ஞாபகம் இருக்கா?” என்றேன். “எதுக்கு இப்ப?” என்றாள். “சும்மாதான் சொல்லேன்.” ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை, தம்பி. வெங்கலப் பானை ஒன்று, குத்துவிளக்கு ஒரு ஜோடி, செம்புக் குடம் இரண்டு, இட்லிச் சட்டி, எவர்சில்வர் தூக்கு மூன்று அளவில் மூன்று, அரிவாள்மனை, ஜமுக்காளம், இலவம்பஞ்சு மெத்தை, தையல் மெஷின். ஒவ்வொன்றும் எந்தக் கடையில் வாங்கியது, இப்போது எந்த மூலையில் இருக்கிறது என்பதோடு சொன்னாள். “இம்புட்டையும் கணக்கு வச்சிருக்கியா?” என்றேன். “கணக்கு எதுக்கு? எங்கப்பா வாங்குனதுல்ல” என்றாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அண்டாவைச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “அண்டாவ விட்டுட்டியே” என்றேன்.

“அதுல எம் பேரு இல்லைங்களே” என்றாள்.

அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கார்டு தீரப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கார்டில் இன்னும் பாதி இருந்தது. ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷமும் அடுத்த லீவில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு லீவைக் கடத்திவிட்டேன். நீ ‘அப்பறமா சொல்லிக்கலாம்’ என்கிறாயே, அந்த அப்புறம் எவ்வளவு நீளமானது என்று என்னைக் கேள். உனக்கு இருபத்தாறு வயதாகிறது. எனக்கு அது அவ்வளவு நீளம்.

அதனால் கேட்கிறேன். தம்மாமுக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாவுக்கு வழி என்ன என்பதை நாம் பேசுவோம், நான் இங்கே கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடு. கவிதா கொண்டு வருகிற நகை, பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாவற்றையும் எழுது. இதெல்லாம் அவளுடையது, என் வீட்டில் இருக்கிறது, என்னுடையது இல்லை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடு. ஊரில் சிரிப்பார்கள். “கட்டிக்கப் போற பொண்ணுக்கு எழுதிக் குடுக்குறானே, இவனுக்கு என்ன கோளாறு” என்பார்கள். சிரிக்கட்டும். பின்னால் அவளாக மனசு வைத்து, “இந்தாங்க, இத வச்சு விசா எடுங்க” என்று கழற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள், அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வை. ஈரானிலிருந்து வந்த ஒரு அம்மாள் கம்பளத்தை விட்டுக்கொடுத்த விதம் அதுதான். கொடுப்பதற்குக் கூட அது முதலில் அவளுடையதாக இருக்க வேண்டும். வசந்தா அத்தை வீட்டுக்குப் போய் அந்த அண்டாவைப் பற்றி வாயைத் திறக்காதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மாமியார் அதை இன்னும் விற்காமல் வைத்திருந்தால் அதுவே பெரிது. அங்கேயும் எனக்குச் சந்தேகம்தான்.

இதை நீ படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவாய் என்றும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தப்பாக நினைக்காதே, நான் உன்னைச் சந்தேகப்படவில்லை, என் புத்தியைக் கொண்டு பிறந்த பிள்ளையைச் சந்தேகப்படுகிறேன். அதனால் இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எழுதுகிறேன். லீவில் வருகிற என் அறை முருகேசன் கையில் மூன்று கவர் கொடுத்தனுப்பப் போகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் அம்மாவுக்கு, ஒன்று கவிதாவுக்கு. ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டுத்தான் தருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். “என்னையுமா அண்ணே?” என்றான் முருகேசன். “எல்லாரையும்தான்டா” என்றேன்.

உன் கவரில் மட்டும் இன்னொரு தாள் இருக்கும். அது உன் அம்மா கொண்டு வந்த சாமானின் பட்டியல். அன்று போனில் அவள் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கடைசி வரியைப் பார்: ‘பித்தளை அண்டா ஒன்று. மு. சரோஜா என்று பெயர் வெட்டியது. அவளைக் கேட்காமல் நான் எடுத்தது.’ கீழே என் கையெழுத்து இருக்கிறது. சாட்சிக்கு இடம் விட்டிருக்கிறேன். அங்கே நீ போட வேண்டும். அதைப் போட்ட பிறகு உன் தாளை எழுத உட்கார். போட்டு முடித்து அதை உன் அம்மாவிடம் கொடு. அவள் எதையாவது சேர்க்கச் சொன்னால் சேர். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. ஒன்றுமே சொல்லாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனால், கேட்காதே. எங்கே கொண்டுபோய் வைக்கிறாள் என்று மட்டும் பார்த்து, அதை எனக்குச் சொல்.

உன் அப்பா